அம்மாவுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: வீட்டில் மற்றவர்களின் சாப்பாடு என்ன ஆகும்?

அம்மாவோ அப்பாவோ உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி அவரால் ஒரு வேளைக்கு நாலைந்து மேசைக்கரண்டி உணவுதான் சாப்பிட முடியும். ஆனால் வீட்டில் உலை வைக்கும் அரிசி அதே அளவுதான். ஐஸ் பெட்டியில் அதே குளிர்பானம். சனிக்கிழமை காலையில் அதே ரொட்டி சானாய்.

இந்தச் சிகிச்சையைப் பற்றி பேசும்போது பெரும்பாலும் நோயாளியைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை கிலோ குறைந்தது, இனிப்பு நீர் கட்டுக்குள் வந்ததா என்று கேட்கிறோம். அதே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடும் கணவர், பிள்ளைகள், பாட்டி ஆகியோருக்கு என்ன ஆகிறது? அவர்களின் பழக்கமும் மாறுமா, இல்லை நோயாளியின் பழக்கம்தான் மெல்ல பழைய இடத்துக்குத் திரும்பிவிடுமா?

இதற்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன, மலாக்காவின் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில், இந்த அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

பொதுவாகச் செய்யப்படுபவை இரண்டு வகை.

முதலாவது 'ஸ்லீவ்'. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ வடிவக் குழாயாக விடுவார்கள். இரண்டாவது 'பைபாஸ்'. இரைப்பையின் மேல் பகுதியில் முட்டை அளவு ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள்.

இரண்டிலும் வயிறு சிறியதாவது மட்டும் மாற்றம் இல்லை. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன், குறிப்பாக ஸ்லீவ் செய்தவர்களுக்கு, நன்றாகக் குறைகிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் 'ஜிஎல்பி-1' போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. அதனால்தான் சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு முதல் சில மாதங்கள் பசியே தெரிவதில்லை.

முதல் ஓராண்டில் ஸ்லீவ் செய்தவர்கள் சராசரியாகத் தங்கள் மொத்த எடையில் கால் பங்கு வரை இழக்கிறார்கள். பைபாஸில் அது கொஞ்சம் அதிகம். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பலருக்கு எடை ஓரளவு திரும்ப ஏறுவதும் நடக்கிறது. குடும்பம் முக்கியமாவது அந்தக் கட்டத்தில்தான்.

யாருக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது?

அழகுக்காகச் செய்வதல்ல இது. 2022இல் இரண்டு பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உடல் நிறைக் குறியீடு அதாவது பி.எம்.ஐ. 35க்கு மேல் உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கலாம். நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 30க்கு மேலேயே யோசிக்கலாம். ஆசியர்களுக்கு இந்த எல்லை இன்னும் குறைவு. 27.5லிருந்தே பரிசீலிக்கலாம் என்கிறது அந்த வழிகாட்டி. ஒரே பி.எம்.ஐ. இருந்தாலும் நம்மைப் போன்ற தெற்காசிய உடம்பில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் சேர்வதும், நீரிழிவு சீக்கிரம் வருவதும்தான் காரணம்.

மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், தேசியப் பல்கலைக்கழகத்தின் செராஸ் மருத்துவமனை போன்ற இடங்களிலும் சில தனியார் மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது.

நமக்கு இது ஏன் முக்கியம்?

2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2019இல் இது 50.1 விழுக்காடு. அதே 2019 ஆய்வில் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர், அதாவது பத்தில் மூன்று பேர், அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

நீரிழிவைப் பொறுத்தவரை நம் சமூகத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2019 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது சுமார் 31 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று சொல்லலாம்.

பெற்றோரின் எடைக்கும் பிள்ளையின் எடைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதும் புதிய செய்தி அல்ல. 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு உடல் பருமன் இருந்தால், அந்தப் பிள்ளை வளர்ந்த பின் உடல் பருமன் அடையும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று காட்டியது. அதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு, சமையலறைக்கும் பங்கு உண்டு. மரபணுவை மாற்ற முடியாது. சமையலறையை மாற்றலாம்.

சிகிச்சைக்குப் பிறகு அம்மா என்ன சாப்பிடுவார்?

மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் வேறுபடும். பொதுவான வரிசை இப்படித்தான் இருக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய சில வாரங்கள்: கல்லீரலைச் சுருக்க, கலோரி மிகக் குறைந்த உணவு.

முதல் இரண்டு வாரம்: தண்ணீர், தெளிந்த சூப்பு, பிறகு பால், புரத பானம் போன்ற திரவங்கள்.

அடுத்த இரண்டு மூன்று வாரம்: மசித்த உணவு. பருப்பு மசியல், மிக்சியில் அடித்த மீன் அல்லது கோழி.

அதன் பின்: மென்மையான உணவு. முட்டை, மீன், நன்றாக வெந்த காய்கறி.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு: வழக்கமான உணவு, ஆனால் மிகக் குறைந்த அளவில்.

இதோடு சில விதிகள் வாழ்நாள் முழுக்கத் தொடரும். புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் தேவை. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். நன்றாக மென்று, இருபது முப்பது நிமிடம் எடுத்துச் சாப்பிட வேண்டும். வைட்டமின், இரும்பு, கால்சியம், பி12 ஆகியவற்றை விடாமல் எடுக்க வேண்டும்.

சோறு, ரொட்டி, தோசை போன்றவை சிலருக்கு நெஞ்சில் அடைத்துக்கொண்டது போல இருக்கும். பைபாஸ் செய்தவர்கள் இனிப்பு அதிகமாகச் சாப்பிட்டால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். இதற்கு 'டம்பிங்' என்று பெயர். டின் பால் ஊற்றிய தே தாரிக் ஒரு கிளாஸே சிலருக்கு இதை வரவழைத்துவிடும்.

சரி, இதெல்லாம் டாக்டர் சொல்ற கணக்கு. வீட்ல மத்தவங்களுக்கு என்ன ஆகுது?

ஸ்டான்ஃபோர்டு ஆய்வு என்ன கண்டது?

இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் ஒன்று, 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பைபாஸ் செய்துகொண்ட 35 நோயாளிகள், அவர்கள் வீட்டில் வாழும் 35 பெரியவர்கள், 15 பிள்ளைகள் என மொத்தம் 85 பேரை ஓராண்டு கவனித்தார்கள்.

ஓராண்டுக்குப் பின், உடல் பருமன் இருந்த குடும்பத்தினரின் சராசரி எடை 234 பவுண்டிலிருந்து 226 பவுண்டுக்குக் குறைந்திருந்தது. நம் கணக்கில் சுமார் 106 கிலோவிலிருந்து 102.5 கிலோ. அவர்கள் யாருக்கும் கத்தி படவில்லை. உடல் பருமன் இருந்த பிள்ளைகளின் பி.எம்.ஐ.யும், அவர்களின் வளர்ச்சிப்படி எதிர்பார்த்த அளவைவிடக் குறைவாக இருந்தது. குடும்பத்தினர் முன்பைவிட அதிகம் நடமாடினார்கள், மது குடிப்பதைக் குறைத்தார்கள்.

மூன்று நான்கு கிலோதானே என்று தோன்றலாம். ஆனால் சிகிச்சையே செய்துகொள்ளாதவர்கள், தங்களுக்கென்று எந்தத் திட்டத்திலும் சேராதவர்கள் இழந்த எடை அது.

இது சின்ன ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அதில் இல்லை. அதனால் 'அம்மா ஆபரேஷன் செய்தால் எல்லாருக்கும் எடை குறையும்' என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் அதில் கவனிக்க வேண்டிய ஒரு விவரம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தினர், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியோடு கிளினிக்குக்கு வந்தார்கள். உணவு ஆலோசனையை நோயாளியோடு உட்கார்ந்து கேட்டார்கள். புரதம் அதிகம், நார்ச்சத்து அதிகம், சீனி குறைவு, சின்ன அளவு, உடற்பயிற்சி, நல்ல தூக்கம், குறைந்த தொலைக்காட்சி என்ற அறிவுரை வீட்டுக்கே சொல்லப்பட்டது.

எடை ஒரு தனி ஆளோடு முடிவதில்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹம் நகரில் 12,067 பேரை 32 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணவன் மனைவியில் ஒருவருக்கு உடல் பருமன் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு 37 விழுக்காடு கூடுகிறது என்றது. ஏறும்போது சேர்ந்து ஏறும் என்றால், இறங்கும்போதும் சேர்ந்து இறங்க வழி இருக்கிறது.

நம்ம சாப்பாட்டுப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

வீட்டுச் சமையலை மாற்றுவது எளிதல்ல. அது ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்தால், அம்மாவோடு பேசுவதாவது எளிதாகும்.

மலாயாவில் வணிக நோக்கத்தில் ரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டது மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் என்ற வணிகர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் நட்டார். அதன் பின் ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் தோட்டங்கள் பரவின. பால் மரம் வெட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

அந்த வேலைக்கு ஏற்ற சாப்பாடு அது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பால் வாளியைத் தூக்கி நடந்தவருக்குத் தட்டு நிறையச் சோறும், குழம்பும், கருவாடும், சீனி தூக்கலான கோப்பியும் தேவைப்பட்டன. அது அத்தனையும் வேலையில் எரிந்துபோனது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் லயத்தை விட்டு மலாக்கா தெங்காவின் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். வேலை தொழிற்சாலையிலும், கடையிலும், அலுவலக நாற்காலியிலும் ஆனது. தட்டின் அளவு மட்டும் மாறவில்லை. அதோடு ஒட்டுக்கடை மீ கோரேங், பசார் மாலாம் பொரித்த கோழி, பெரிய பாட்டில் குளிர்பானம் எல்லாம் கூடிக்கொண்டன. ஒரு சாதா ரொட்டி சானாயிலேயே சுமார் 300 கலோரி. இரண்டு ரொட்டி, ஒரு தே தாரிக் என்றால், உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் காலைப் பசியாறலே கனமான உணவாகிவிடுகிறது.

ஆகவே அம்மா தப்பாகச் சமைக்கிறார் என்பதல்ல விஷயம். அவர் கற்ற அளவு வேறொரு வேலைக்கான அளவு.

சமைப்பவரே நோயாளி என்றால்?

இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல் வருகிறது. பல வீடுகளில் சமையல் அம்மாவின் பொறுப்பு. அறுவை சிகிச்சை முடிந்து சில வாரத்தில், தன்னால் சாப்பிட முடியாத சாப்பாட்டை எல்லாருக்கும் சமைத்து, பரிமாறி, எடுத்துவைக்கும் நிலை அவருக்கு வரும்.

பெரும்பாலும் நடப்பது இரண்டு சட்டி சமையல். மற்றவர்களுக்குப் பழைய சமையல், அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு மசியல். முதல் ஆறு வாரத்துக்கு அது தேவைதான். ஆனால் அதற்குப் பிறகும் அதே தொடர்ந்தால் மூன்று விஷயம் நடக்கும். அம்மாவுக்கு வேலை இரட்டிப்பாகும். தனக்கென்று சமைக்கச் சலித்துப்போய், கையில் கிடைத்த முறுக்கையும் பிஸ்கட்டையும் கொறிக்கத் தொடங்குவார். அவை சின்ன வயிற்றிலும் சுலபமாக இறங்கும், எடையை ஏற்றும். மூன்றாவதாக, வீட்டில் வேறு யாருக்கும் எதுவும் மாறாது.

இன்னொன்றும் உண்டு. அம்மா தட்டில் மிச்சம் வைத்ததை, "வீணாக்காதடா, நீ சாப்பிட்டுடு" என்று பிள்ளையின் தட்டில் போடுவது. அம்மாவின் அளவு குறையும்போது பிள்ளையின் அளவு கூடிவிடும் வழி இது. குறைவாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஒரே சட்டி, வேற வேற அளவு

இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு, அம்மா சாப்பிடுவதும் மற்றவர்கள் சாப்பிடுவதும் பெரும்பாலும் ஒரே சமையலாக இருக்க முடியும். அதற்கு நம் சமையலிலேயே வழி இருக்கிறது.

மீன் குழம்பு, பருப்பு, கீரைப் பிரட்டல், முட்டை. இது நால்வர் சாப்பிடும் ஒரு சாதாரண மதியச் சாப்பாடு. அம்மா முதலில் மீனும் முட்டையும் சாப்பிடுவார், பிறகு கீரை, இடம் இருந்தால் இரண்டு கரண்டி சோறு. மற்றவர்கள் சுகாதார அமைச்சு பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லித் தரும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையில் சாப்பிடலாம். கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, அரைத் தட்டு காய்கறியும் பழமும்.

புரதத்துக்குச் செலவு அதிகம் என்று பயப்பட வேண்டாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நூறு கிராம் தெம்பேவில் சுமார் 19 கிராம். டின் சார்டின், கெம்போங் மீன், தோஃபு எல்லாம் ஜாசின் சந்தையிலும் கிடைக்கும், தோட்டத்துக் கடையிலும் கிடைக்கும். புரட்டாசி மாதம் சைவம் இருக்கும் வீடுகளில் பருப்பு, தெம்பே, தோஃபு, தயிர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். முட்டை சேர்ப்பீர்களா இல்லையா என்பதை உணவு ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் சாம்பார், ரசம் மட்டும் அந்த மாதத்துக்குப் போதாது.

வீட்டுக்கே பயன் தரும் மாற்றங்கள் இன்னும் சில:

குளிர்பானத்தை வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 12 தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும், 6க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நூறு மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையிலிருந்து வரி வசூலிக்கிறது. அந்த 5 கிராம் கணக்கை வைத்தே நீங்களும் பாட்டிலின் பின்பக்கம் படிக்கலாம்.

கடையில் ஆர்டர் செய்யும்போது "தே ஓ கொசோங்" என்று சொல்லப் பழகுங்கள். வீட்டில் ஒருவர் சொல்லத் தொடங்கினால் மற்றவருக்கும் கூச்சம் போகும்.

சின்னத் தட்டு எல்லாருக்கும் வையுங்கள். அம்மாவுக்கு மட்டும் குழந்தைத் தட்டு வைத்தால் அவர் தனிமைப்படுவார்.

கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மா இருபது நிமிடம் மென்று சாப்பிடும்போது, நாம் ஐந்து நிமிடத்தில் முடித்து எழுந்துவிட்டால் அவரும் அவசரப்படுவார். அவசரப்பட்டால் வாந்தி வரும்.

பிள்ளைகளையும் 'டயட்'டில் வைக்கலாமா?

கூடாது. அம்மாவின் உணவு முறை, அறுவை சிகிச்சை செய்த ஒரு பெரியவருக்கானது. வளரும் பிள்ளைக்குச் சோறும், பாலும், ஓரளவு கொழுப்பும் தேவை. புரத பானத்தையும் அம்மாவின் வைட்டமின் மாத்திரைகளையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைச் சின்னப் பிள்ளை அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

பேச்சிலும் கவனம் தேவை. "இப்படியே சாப்பிட்டா உனக்கும் வயித்த வெட்ட வேண்டியதுதான்" என்று விளையாட்டாகச் சொல்வது பிள்ளைக்கு விளையாட்டல்ல. எடையைப் பற்றிய கிண்டலும் பயமுறுத்தலும் ஒளித்துச் சாப்பிடும் பழக்கத்துக்கும், உணவைப் பற்றிய குற்ற உணர்வுக்கும் கொண்டுபோகும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன.

அம்மா சாப்பிடாமல் எழுந்து போவதையும், சில நாள் வாந்தி எடுப்பதையும், சில மாதம் முடி கொட்டுவதையும் பார்த்து சின்னப் பிள்ளைகள் பயப்படலாம். "அம்மா வயிறு இப்ப சின்னது, அதனால கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுறேன். எனக்கு ஒன்னும் ஆகலை" என்று நேராகச் சொன்னாலே போதும்.

அப்பா அம்மா உறவு பாதிக்கப்படுமா?

சிலருக்கு. 2018இல் வெளிவந்த ஒரு சுவீடன் ஆய்வு, இரண்டு பெரிய நோயாளிக் குழுக்களைப் பார்த்தது. சிகிச்சைக்குப் பிறகு, துணை இல்லாதவர்கள் துணை தேடிக்கொள்ளும் வாய்ப்பும், துணை உள்ளவர்கள் பிரியும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. பெரும்பாலான தம்பதிகள் சேர்ந்தே வாழ்ந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

சேர்ந்து சாப்பிடுவது பல தம்பதிகளுக்கு அன்பைக் காட்டும் வழி. வேலை முடிந்து வரும்போது அப்பா பொட்டலம் கட்டிக்கொண்டு வரும் நாசி லெமாக் அதில் ஒன்று. அதை அம்மா இப்போது தொட முடியாது. அப்பாவுக்கு அது நிராகரிப்பு போலத் தோன்றலாம். பொட்டலத்துக்குப் பதிலாக வேறொன்றை வழக்கமாக்கிக்கொள்வது உதவும். ஆயர் கெரோ பக்கம் சாயங்கால நடை, கிளேபாங் கடற்கரை, எதுவாக இருந்தாலும் சாப்பாடு நடுவில் இல்லாத ஒன்று.

விசேஷ வீடு, கோயில் அன்னதானம்: என்ன சொல்வது?

நம் ஊரில் சாப்பாட்டை மறுப்பது எளிதல்ல. கல்யாணம், காதுகுத்து, செங் சன்னாசிமலையில் மாசி மகம் என எங்கே போனாலும் "என்னம்மா, கோழி மாதிரி கொறிக்கிற? நல்லா போட்டு சாப்பிடு" என்று யாராவது சொல்வார்கள்.

அறுவை சிகிச்சை செய்ததை யாரிடம் சொல்வது என்பது அம்மாவின் முடிவு. சொல்ல விரும்பவில்லை என்றால், வீட்டில் எல்லாரும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடச் சொல்லியிருக்கார், அத்தை" என்றால் பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. பக்கத்தில் உட்காரும் பிள்ளை பேச்சை மாற்றிவிடலாம். இலையில் கொஞ்சமாகப் போடச் சொல்லி முன்கூட்டியே பரிமாறுபவரிடம் சொல்லிவைக்கலாம்.

மது விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சிகிச்சைக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸில், மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும். முன்பு இரண்டு கிளாஸ் தாங்கியவருக்கு ஒன்றே அதிகமாகலாம். மதுவுக்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது. "ஒன்னே ஒன்னு" என்று அப்பாவை வற்புறுத்தும் உறவினரிடம் இதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

முதல் வாரங்களில் காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வேகமான இதயத் துடிப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள்.

பல நாள் தொடர் வாந்தி என்றால் உடம்பில் தயாமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோய், நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். தடுமாற்றமான நடை, குழப்பம், பார்வை இரட்டிப்பு அதன் அறிகுறிகள். "ஆபரேஷன் செஞ்சா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக்கூடாது.

நீரிழிவு மாத்திரை, இன்சுலின் அளவைப் பழையபடியே தொடரக்கூடாது. சாப்பாடு குறைந்த உடம்பில் சீனி திடீரென இறங்கிவிடும். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை, நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. பைபாஸ் செய்தவர்கள் மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், குடல் இணைப்பில் புண் வரலாம். வீட்டில் பல்வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் வாங்கி வைத்திருக்கும் மாத்திரையை அம்மாவுக்குக் கொடுக்குமுன் பெயரைப் படியுங்கள்.

பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் முதல் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பமாவதைத் தள்ளிப்போட வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு மலாயும் ஆங்கிலமும் சரளம். உங்கள் அம்மா, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவராக இருக்கலாம். மருத்துவமனை கொடுக்கும் உணவுப் பட்டியல் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதில் 'புபுர்', 'சூப் ஜெர்னே' என்று இருக்குமே தவிர, ரசம் குடிக்கலாமா, இட்லியை எப்போது தொடலாம், சாம்பாரில் உள்ள பருப்பை மட்டும் எடுத்து மசிக்கலாமா என்று இருக்காது. அந்தக் கேள்விகளை அறைக்குள் கேட்க அம்மா கூச்சப்படலாம்.

அதனால் கூடவே போங்கள். நீங்கள் அசாஹானிலிருந்து டவுனுக்கு வந்தாலும் சரி, கோலாலம்பூர் வரை போக வேண்டியிருந்தாலும் சரி, ஒரு நாள் லீவு போடுங்கள். வீட்டில் ஒரு வாரம் சமைத்ததை எழுதிக்கொண்டு போய் உணவு ஆலோசகரிடம் காட்டுங்கள். சொன்னதைத் தமிழில் எழுதி, அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொடர் கவனிப்புக்கும், வீட்டில் மற்றவர்களின் சீனி, ரத்த அழுத்தப் பரிசோதனைக்கும் அருகில் உள்ள அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். குடிமக்களுக்குச் சாதாரண வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் குடும்பத்தினர் செய்தது அதுதான். நோயாளியோடு போய் உட்கார்ந்து கேட்டார்கள்.

முதல் ஓராண்டில் அம்மாவுக்குப் பசி குறைவு, எடை தானாக இறங்கும், வீட்டில் எல்லாருக்கும் மாற்றத்தில் ஆர்வம் இருக்கும். அதற்குப் பிறகு பசி மெல்லத் திரும்பும். அப்போது ஐஸ் பெட்டியில் என்ன இருக்கிறது, தட்டு எந்த அளவில் இருக்கிறது, சனிக்கிழமை காலை எங்கே போகிறோம் என்பது அம்மாவின் எடையையும் தீர்மானிக்கும், தம்பி தங்கையின் எடையையும் தீர்மானிக்கும். பழக்கத்தை மாற்ற அந்த முதல் ஓராண்டுதான் நல்ல நேரம்.